கறை தெரியாத துணி

வெள்ளைச் சட்டை கசங்காமல் போய்ச் சேர்ந்த என் அருமை அண்ணனுக்கு,

நாளை மறுநாள் தியத்தலாவைப் பட்டாள முகாமில் உங்கள் பேரன் தினேஷுக்குப் பயிற்சி முடிந்து அணிவகுப்பு. பட்டாள உடுப்பில் அவன் நடப்பதைப் பார்க்க வீட்டிலிருந்து இரண்டு பேர் வரலாமாம். ஒருவர் அண்ணி. இன்னொரு இடம் உங்களுடையது. நீங்கள் இல்லாததால் அது என் தலையில் வந்து நிற்கிறது. போவதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரியாததால்தான் எழுதுகிறேன்.

அவன் சேர்ந்த நாளிலிருந்து நான் அவனோடு பேசவில்லை. பெற்றவள் குவைத்தில் வேலைக்குப் போயிருக்க, அவனை வளர்த்தது நீங்களும் அண்ணியும். லயத்து வரிசை வீட்டில் அடுத்த காம்பராவில், அடுத்த அறையில், இருந்துகொண்டு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது நான். அவன் லீவில் வந்தால் நான் தெமோதரை ஸ்டேஷனுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். அவன் திரும்பிப் போன பிறகுதான் லயத்துக்கு வருவேன். என்னைப் பிடிவாதக்காரன் என்று ஊரே சொல்கிறது. சொல்லட்டும். பிடிவாதம் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காத ஆட்களால்தான் நம் தேயிலைத் தோட்டம் இப்படி ஆனது.

கோபமா என்று கேட்டால், முன்பெல்லாம் ஆமாம் என்றிருப்பேன். இப்போது குழப்பம்தான் அதிகம். கோபமாக இருப்பது சுலபம், அண்ணே. நேற்று எங்கே விட்டோமோ அங்கிருந்து இன்று எடுத்துக்கொள்ளலாம். குழப்பம் அப்படியில்லை. ஒவ்வொரு நாளும் வேறு இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

அந்தத் துணியின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அனுபவித்தவரே நீங்கள். ஆனால் இந்தக் கடிதத்தை வேறு சிலரும் படிக்கப்போகிறார்கள். அவர்களுக்காக ஒருமுறை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் நடந்த கெட்ட காலம் அது. வீதிக்கு வீதி சோதனைச் சாவடி. அண்ணியின் படங்கு கிழிந்துபோயிருந்தது. கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்கிற தடித்த துணியைத்தான் நாங்கள் படங்கு என்போம். தேயிலைச் செடியின் ஈரமும் குச்சியும் உடம்பில் படாமல் தடுப்பது அது. சாக்கைக் கட்டினால் நனைந்து கனக்கும். பிளாஸ்டிக்கைக் கட்டினால் ஒரு வாரத்தில் கிழியும். நீங்கள் பதுளைச் சந்தைக்குப் போய், குவித்துப் போட்டு விற்கிற துணிகளுக்குள் கைவிட்டுத் துழாவி ஒன்றை எடுத்துவந்தீர்கள். பச்சையும் பழுப்பும் திட்டுத் திட்டாகச் சாயம் போட்ட முரட்டுத் துணி. லயத்து வாசலில் விரித்துச் செம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றிக் காட்டினீர்கள்.

“பாத்தியா, தண்ணி உருண்டு ஓடுது. இன்னொன்னும் இருக்கு கேளு. தேயிலைக் கறை பட்டாலும் தெரியாதுடா. நமக்கு வேலை வைக்காம அவனே கறையப் போட்டு வித்திருக்கான்.”

எல்லோரும் சிரித்தோம். வீதியில் துவக்கோடு நிற்கிற பட்டாளத்துக்காரர்கள் அதைப் போட்டிருப்பதை நாங்களும் பார்த்தவர்கள்தான். ஆனால் இதுவும் அதுவும் ஒன்று என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இடுப்பில் சுற்றினால் எங்களுக்கு அது படங்கு. அவ்வளவுதான். அண்ணி அதைக் கட்டிக்கொண்டு காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் போய் நின்ற நிலையை நான் பார்த்திருக்கிறேன். புதுச்சேலை கட்டியவள் மாதிரி. கொழுந்து மலையில் மற்றப் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்களாம். “அக்கா, எங்க வாங்குனீங்க? எங்களுக்கும் ஆளுக்கு ஒன்னு சொல்லி வையுங்க.”

ஆளுக்கு ஒன்று வாங்கத்தான் நீங்கள் மறுபடியும் சந்தைக்குப் போனீர்கள். திரும்பி வரும்போது சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். பையைத் திறந்தார்கள். பை நிறையப் புள்ளித் துணி. எந்த இயக்கத்துக்கு உடுப்புத் தைக்கப் போகிறாய் என்று கேட்டார்களாம். “கொழுந்து பறிக்க, சேர்” என்றீர்களாம். எதற்கு என்று மறுபடியும் கேட்டார்களாம். மறுபடியும் அதையே சொன்னீர்களாம். உண்மையைச் சொன்னால் இவ்வளவு பொய்யாகக் கேட்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. உங்களை இறக்கி வைத்துக்கொண்டு பஸ்ஸைப் போகச் சொன்னார்கள் என்று கண்டக்டர் வந்து சொன்னார்.

நான் முகாம் வாசலுக்குப் போனேன். காவலுக்கு நின்றவன் என்னைப் பார்க்கவே இல்லை. என் தலைக்கு மேலாக ரோட்டைப் பார்த்துக்கொண்டு, அப்படி ஒருத்தர் இங்கே இல்லை என்றான். மறுநாளும் போனேன். அன்று நின்றவன் வேறு ஆளா, அதே ஆளா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த உடுப்புக்குள் எல்லோரும் ஒரே ஆளாக இருந்தார்கள். அதற்குப் பிறகும் போய்க்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தடவையும் உங்களைக் கண்டுபிடிக்காமலே திரும்பினேன்.

அண்ணி இடுப்பிலிருந்த படங்கை அவிழ்த்து அடுப்பில் போட்டார். ரப்பர் எரிகிற மாதிரி லயம் முழுவதும் நாறியது.

மாதங்கள் கழித்து உங்களை வெளியே விட்டார்கள். அங்கே என்ன நடந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. நான் கேட்டுக் கேட்டு ஓய்ந்தேன். ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் வெள்ளையைத் தவிர வேறு நிறத்தைத் தொடவில்லை. தேயிலை அரைத்துத் தூள் பறக்கிற தொழிற்சாலை ஸ்டோருக்கு வெள்ளைச் சட்டை போட்டு வேலைக்குப் போன ஒரே மனுஷன் நீங்கள்தான். “என்னா பெரியவரே, கலியாண வீட்டுக்கா?” என்று சின்னப் பயல்கள் கிண்டல் பண்ணுவார்கள். நீங்கள் சொல்கிற பதில் எப்போதும் ஒன்றுதான். “வெள்ளையில எல்லாம் தெரியும்ப்பா. தெரியட்டும்.”

அந்த மனிதருடைய பேரன் அந்தத் துணியைப் போட்டுக்கொண்டான் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

திட்டுவதற்கு முன் தெரிந்துகொள்வோம் என்று பதுளை நூலகத்துக்குப் போனேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் எனக்கு இடம் இருக்கவில்லை. மீதியை நானே படித்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலப் புத்தகங்களிலும் எழுத்துக் கூட்டினேன். ஒரு பட்டாளத்துக்கு நிறம் எதற்கு? அதை யார் தீர்மானிக்கிறார்கள்? இதற்குப் பதில் தெரிந்தால் நான் தினேஷிடம் கேட்க வேண்டிய கேள்வியும் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

முன்பெல்லாம் பட்டாளத்து நிறம் ஒளிவதற்கு இருக்கவில்லை, அண்ணே. தெரிவதற்கு இருந்தது. அந்தக் காலத்து வெடிமருந்து அடுப்பில் பச்சை விறகு வைத்த மாதிரி புகையுமாம். ஒரு தடவை சுட்டால் களம் முழுவதும் புகை. மேட்டில் குதிரைமேல் நிற்கிற தளபதிக்குத் தன் ஆட்கள் எங்கே என்று தெரிய வேண்டும். தன் ஆளைத் தன் ஆளே சுட்டுவிடக் கூடாது. அதனால் வெள்ளைக்காரனுக்குச் சிவப்பு, பிரெஞ்சுக்காரனுக்கு நீலம். சிவப்புக்கு ஒரு செடியின் வேர், நீலத்துக்கு அவுரி. மலிவாகவும் நிறையவும் எந்தச் சாயம் கிடைத்ததோ அதுவே தேசத்தின் பெருமையாகிவிட்டது. இவ்வளவுதானா என்று எனக்குச் சப்பென்று போனது.

சிவப்பு போட்டது இரத்தம் தெரியாமலிருக்கத்தான் என்று நம் வாசிகசாலையில் ஓய்வுபெற்ற கிளார்க் ஒருவர் சாதித்தார். நான் விடவில்லை. அவர்களுடைய கால்சட்டை பெரும்பாலும் வெள்ளை. காலில் குண்டு பட்டால் இரத்தம் வராதா? சிவப்புத் துணியில் இரத்தம் காய்ந்தால் கறுப்பாகத் தெரியாதா? அவர் யாழ்ப்பாணத்துக்காரர், படித்தவர். “நீர் சொல்லுறதும் ஒரு நியாயம்தான்” என்று பத்திரிகையைப் பிரித்துக்கொண்டார். நியாயம் என்று சொல்லிவிட்டு மறுநாளே வேறொருவரிடம் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுகிற துவக்கும் புகையாத மருந்தும் வந்தன. சிவப்புச் சட்டை இப்போது நல்ல குறி. அதற்கு முன்பே இந்தியாவின் வடமேற்கு எல்லையில் இருந்த வெள்ளைக்காரப் படை வெள்ளை உடுப்பை மண்நிறமாக்கப் பழகியிருந்தது. காக்கி என்பது அந்தப் பக்கத்து மொழியில் புழுதிக்குப் பெயர். எதில் தோய்த்தார்கள் தெரியுமா? சேற்றில், காப்பியில், கையில் கிடைத்ததில். தேயிலைச் சாயத்திலும்.

நான் புத்தகத்தை மூடிவிட்டேன். தேயிலைச் சாயம், அண்ணே. நம் அம்மாவின் விரல் நகத்தில் இருந்தது. கடைசியாகக் குளிப்பாட்டும்போது சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கையை நீட்டச் சொல்லி அடித்தது அந்தக் கறைக்குத்தான். அதை ஒரு பட்டாளம் வேண்டுமென்றே வாளியில் கரைத்துத் தோய்த்து உடுத்தியிருக்கிறது. நீங்கள் சந்தையில் அந்தத் துணியை எடுத்தபோது சொன்னது என்ன? கறை தெரியாது என்றீர்கள். அவர்களும் அதே காரணத்துக்காகத்தான் செய்தார்கள். நீங்கள் நினைத்ததில் ஒரு பிழையும் இல்லை. பிறகு ஏன் உங்களை இறக்கினார்கள்? இதை எந்தப் புத்தகத்தில் தேடுவது?

தியத்தலாவை பற்றியும் படித்தேன். தென்னாபிரிக்காவில் போயர்கள் என்ற குடியானவர்களோடு வெள்ளைக்காரன் சண்டை போட்டபோது, பிடிபட்டவர்களைக் கப்பலில் ஏற்றி வந்து அங்கேதான் அடைத்து வைத்தான். போயர்களுக்குச் சீருடை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வயலுக்குப் போட்ட உடுப்போடு சண்டைக்குப் போனவர்கள். முன்னொரு சண்டையில் அவர்கள் சிவப்புச் சட்டைகளைச் சுட்டுத் தள்ளினார்களாம். அடுத்த சண்டைக்குள் வெள்ளைக்காரன் காக்கிக்கு மாறிவிட்டான். குடியானவனைப் பார்த்து மாறினானா, எல்லையில் பழகியதால் மாறினானா என்பதில் புத்தகங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. உழுகிறவன் நிறத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு உழுகிறவனையே கம்பி வேலிக்குள் அடைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் எனக்குத் தோன்றுவதெல்லாம் சரித்திரமாகிவிடுமா?

பிரெஞ்சுக்காரன் கதை இன்னும் மோசம். முதலாவது உலக யுத்தம் தொடங்கியபோதும் அவன் பட்டாளத்துக்குச் சிவப்புக் கால்சட்டைதான். மாற்ற வேண்டும் என்று சொன்னவர்களை மானங்கெட்டவர்கள் என்று ஏசியிருக்கிறார்கள். பிள்ளைகள் அந்தக் கால்சட்டையோடு வயல்வெளியில் போய் விழுந்த பிறகுதான் மாற்றினார்கள். பிறகு படம் வரைகிறவர்களைக் கூட்டிவந்து பீரங்கிக்கும் கூடாரத்துக்கும் திட்டுத் திட்டாக வர்ணம் அடித்தார்கள். அங்கேயிருந்து வந்ததுதான் இந்தப் புள்ளி. படம் வரைந்தவன் கை நம் பதுளைச் சந்தை வரைக்கும் நீண்டிருக்கிறது.

இவ்வளவு படித்தும் எனக்குப் பிடிபடாதது ஒன்று. இந்தப் பச்சைப் புள்ளி காட்டுக்குள் மறைவதற்குச் செய்தது. தார்ரோட்டில், சாவடியின் மஞ்சள் தகரத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில் அது எதை மறைக்கும்? அங்கே அது தெரிவதற்குத்தான் நிற்கிறது. பஸ் தூரத்தில் வரும்போதே அந்த நிறம் நம் கண்ணில் பட வேண்டும், நம் கை தானாகப் பையைத் திறக்க வேண்டும். ஒளிவதற்குச் செய்ததைக் காட்டுவதற்குப் போடுகிறார்கள். காட்டுவதற்குச் செய்த சிவப்பு ஒரு காலத்தில் பிணமாக விழுந்தது. அப்படியானால் நிறத்துக்கென்று ஒரு வேலை உண்டா, இல்லையா? நின்றுகொண்டிருக்கிற இடம்தான் வேலையா?

நீங்கள் இருந்தால் “போதும்டா, தேத்தண்ணியக் குடி” என்றிருப்பீர்கள்.

இந்த வருஷ மழையையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். மேல் லயத்துக்குப் பின்னால் மலை இறங்கிவிட்டது. வரிசையின் கடைசியிலிருந்த தொங்கல் காம்பராவை மண் மூடியது. மற்றவர்களெல்லாம் முதல் நாளே பாதுகாப்புக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். அந்தக் காம்பராவில் இருந்த கறுப்பையாவை மட்டும் காணவில்லை. உள்ளே படுத்திருக்கிறார் என்று ஒருவர் சொன்னார், இல்லை என்று ஒருவர் சொன்னார். தோண்டுவதற்கு வந்தது பட்டாளம்.

அதே துணி, அண்ணே. முழங்கால்வரை சேறு. நான் நம் வாசலை விட்டு இறங்கவில்லை. இறங்கக் கூடாது என்றே நின்றேன். அண்ணி என்ன செய்தார் தெரியுமா? பெரிய கேத்தல் நிறையத் தேத்தண்ணி ஊற்றி, சீனிப் போத்தலையும் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார்.

“அண்ணி, யாருக்கு ஊத்தப் போறீங்கன்னு தெரியுதா?”

“தெரியுது தம்பி. மண்ணு வெட்டுறவங்களுக்கு.”

“அந்தத் துணியப் பாத்துமா?”

“நான் வாயப் பாத்தேன். காஞ்சு கெடக்கு. கேத்தலு சுடுது, வழி விடுங்க.”

அவர் வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று பின்னால் போனேன். அதற்காக மட்டும்தான் போனேன். அங்கே போனதும் ஒன்றைக் கவனித்தேன். வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் புள்ளிச் சட்டைக்கு மேலே செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கையில்லாத மேற்சட்டை போட்டிருந்தார்கள். கண் கூசுகிற நிறம். இவ்வளவு நாள் படித்த புத்தி சும்மா இருக்குமா? கோப்பையை நீட்டிய ஒரு பையனிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். ஒளிவதற்கு ஒரு சட்டை போட்டுவிட்டு அதன்மேல் இது எதற்கு?

அவன் சிரித்தான். அவனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது. தாத்தா என்பதற்கு அவர்கள் பேச்சில் சீயா என்பார்கள். “சீயா, சேத்துல பச்சை தெரியாதுதானே. மேலேருந்து இன்னும் மண்ணு வந்தா நாங்களும் உள்ளே. அப்போ எங்களையும் தேட வேணுமே.”

சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். என் கையில் அவன் குடித்த கோப்பை இருந்தது.

எங்களையும் தேட வேணுமே. அந்தப் பையனுக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. நான் முகாம் வாசலில் நின்று தேடிய நாளில் அவன் பிறந்திருக்கவும் மாட்டான். அவன்மேல் எனக்குக் கோபம் வர வேண்டும் என்று நின்று பார்த்தேன். வரவில்லை. வராததற்காக என்மேல் வந்தது.

கறுப்பையா பண்டாரவளையில் மகள் வீட்டில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கி, “என்னா கூட்டம் இங்க?” என்று கேட்டார். பட்டாளத்துப் பையன்கள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. திரும்பிக்கொண்டேன்.

அவர்கள் லொறியில் ஏறிப் போன பிறகு, கோப்பைகளைக் கழுவிக்கொண்டே அண்ணி சொன்னார். இவ்வளவு நாள் வாயைத் திறக்காதவர், வானம் வெளுத்திருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

“தினேஷப் போகச் சொன்னது ஒங்க அண்ணன்தான், தம்பி.”

“பொய் சொல்லாதீங்க.”

“நான் எதுக்குப் பொய் சொல்லணும்? அவரு படுக்கையில கெடந்தப்ப அந்தப் புள்ள வந்து கேட்டான். தாத்தா, ஆள் எடுக்கிறாங்க, போகவா வேணாமா, நீங்க வேணாம்னா போகலன்னு. நான் அடுப்புக்கிட்ட இருந்தேன்.”

“அண்ணன் என்னா சொன்னாரு?”

“தூக்கி உக்கார வைக்கச் சொன்னாரு. அப்புறம் சொன்னாரு. போ. ஆனா ஒரு நாளைக்கு ஒன்னைய பஸ்ஸுல ஏறி பைய பாக்கச் சொல்லுவாங்க. அன்னைக்குத் தமிழ்ல கேளு. வாங்க போங்கன்னு கேளு. பதில் சொல்றப்ப அவுங்க மூஞ்சியப் பாருன்னாரு. அம்புட்டுத்தான். அப்புறம் தண்ணி கேட்டாரு.”

ஏன் அண்ணே?

ஏன் என்னிடம் சொல்லவில்லை? உங்களுக்காக அந்த வாசலில் வெயிலில் நின்றவன் நான். அவர்கள் உங்களுக்குச் செய்ததை நீங்கள் மறந்தாலும் நான் மறக்கமாட்டேன் என்று இத்தனை வருஷம் காவல் காத்தவன் நான். நீங்கள் கதவைத் திறந்துவிட்டு, காவல்காரனிடம் சொல்லாமல் போய்விட்டீர்கள். நான் கத்துவேன் என்று பயந்தீர்களா? கத்தியிருப்பேன். அது என் உரிமை.

நீங்கள் மன்னித்துவிட்டீர்களா? அல்லது அந்தச் சாவடியில் நம் ஆள் ஒருவன் நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டீர்களா? நம் பிள்ளை போட்டால் அந்தத் துணி வேறு துணி ஆகிவிடுமா? அல்லது அந்தத் துணிக்குள் போனால் நம் பிள்ளையும் தலைக்கு மேலாக ரோட்டைப் பார்க்கிறவன் ஆகிவிடுவானா? நீங்கள் “மூஞ்சியப் பாரு” என்று சொன்னதைக் கேட்டதும், அங்கே உங்களுக்கு என்ன நடந்தது என்பதில் ஒரு நூலளவு எனக்குத் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது. அதைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. அண்ணியிடம் கேட்டால், “எனக்கும் தெரியாது தம்பி, அவரு சொன்னாரு, அவன் போனான்” என்கிறார். இரண்டு பேரையும் திட்ட முடியாமல் திண்டாடுகிறேன்.

இன்று காலை தினேஷ் போன் பண்ணினான். அண்ணி போனைச் சத்தமாக வைத்து என் பக்கம் நீட்டினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சின்னத்தாத்தா, நீங்க பேச வேணாம். கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க. நாளன்னிக்கு நாங்க எல்லாரும் ஒரே மாதிரித்தான் இருப்போம். தொப்பி கண்ணு வரைக்கும் இருக்கும். தலையத் திருப்பக் கூடாது. நீங்க வந்தா எப்படியாச்சும் கண்டுபிடிச்சிருவீங்கன்னு தெரியும். தாத்தா மாதிரியே எனக்கும் இடது காலு வெளிப்பக்கமாப் போகுது. அதுக்கு நான் வாங்காத ஏச்சு இல்ல. மாற மாட்டேங்குது. ஆனா நான் ஒங்களக் கண்டுபிடிக்கணுமே. ஓரக்கண்ணாலதான் பாக்கலாம். அதனால ஒங்க ஊதாச் சட்டையப் போட்டுட்டு வாங்க. அது பதுளையிலேருந்து பாத்தாலும் தெரியும்.”

“அது ஊதா இல்ல,” என்றேன். “கத்தரிப்பூ.”

அவன் சேர்ந்த பிறகு நான் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார், அல்லது அழுதார்.

“அந்தச் சட்டை வேணாம் தம்பி,” என்றார் பிறகு. “எல்லாரும் நம்மளையே பாப்பாங்க. அவரோட வெள்ளைச் சட்டை ஒன்னு பெட்டியில இருக்கு, அதப் போட்டுட்டு வாங்க.”

“அவரு சட்டைய நான் போட மாட்டேன்,” என்றேன். “எனக்கு அவரளவுக்கு மனசு இல்ல.”

இதோ, இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கத்தரிப்பூச் சட்டை கொடியில் காய்கிறது. துவைத்தது நான்தான். எப்போது தீர்மானித்தேன் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. குழப்பம் தீர்ந்துவிட்டது என்றும் நினைக்காதீர்கள். அந்த நிறத்தை நான் மன்னிக்கவில்லை. நீங்கள் மன்னித்திருந்தாலும் நான் மன்னிக்கவில்லை. நம் வீட்டில் ஒருவராவது அதை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். அந்த ஆள் நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு இது. அண்ணியைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போவேன். உங்கள் இடத்தில் உட்காருவேன். கை தட்டமாட்டேன். சுற்றியிருக்கிறவர்கள் எல்லோரும் எழுந்து நின்று தட்டினாலும் தட்டமாட்டேன். அத்தனை பேரும் ஒரே நிறத்தில் வரும்போது இடது கால் வெளியே போகிற ஒருவனைத் தேடுவேன். அன்று முகாம் வாசலிலேயே நின்று உங்களைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பினேன். இந்தமுறை கண்டுபிடிக்காமல் திரும்பமாட்டேன். அவனும் ஓரக்கண்ணால் என்னைப் பார்க்கட்டும். கத்தரிப்பூ நன்றாகத் தெரியட்டும்.

எல்லாம் முடிந்து காலில் விழ வருவான். விழுவதற்கு முன் நிறுத்தி, தாத்தா உன்னிடம் சொன்னது என்ன என்று கேட்பேன். தமிழில் கேள், வாங்க போங்க என்று கேள், முகத்தைப் பார். தயங்காமல் சொன்னால் திருநீறு பூசிவிடுவேன். தயங்கினால் அந்த மைதானத்திலேயே நிற்கவைத்து, அவனுக்கு மனப்பாடம் ஆகும்வரை திருப்பித் திருப்பிச் சொல்லுவேன். பெரிய அதிகாரி வந்து நின்றாலும் நிறுத்தமாட்டேன். என் பிடிவாதம் உங்களுக்குத் தெரியும்.

உங்களோடு எதிலும் ஒத்துப்போகாத,
இனியும் ஒத்துப்போகாத,
உங்கள் கூடப்பிறந்த ஒரே தம்பி